சந்தேகம் வந்தால் முதலிலிருந்து

பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை ஒரு திங்கட்கிழமை வந்தது. நாலாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் ஒரு மாதத்துக்குள் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கோ முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் அட்டையோ வைத்திருக்க வேண்டும். இந்தக் காலத்துக் குழந்தை உண்டியலை வைத்துக்கொண்டு வாழ்க்கையை எதிர்கொள்ள முடியாது. இதற்குப் பத்து மதிப்பெண் உண்டு.

அதைப் படித்துவிட்டு மிளகின் அம்மா இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். அவள் நகரப் பேருந்தில் கண்டக்டர். பதினொரு வருடமாக ஒரே தடம். சாயங்காலம் டிக்கெட் கணக்கில் ஒரு சல்லிக்காசு இடித்தாலும் டிப்போவை விட்டு நகர முடியாத வேலை. பணத்தைப் பற்றித் தன் பெண்ணுக்கு வெளியாள் பாடம் எடுப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் பத்து மதிப்பெண் என்று போட்டுவிட்டார்கள்.

மிளகு என்பது கூப்பிடுகிற பெயர். உருவம் சின்னது, வாய் காரம் என்பதால் வந்தது. ஒன்பது வயதில் அவளிடம் ஒரு ஊறுகாய் ஜாடி நிறையப் பணம் இருந்தது. அப்பாவின் மருந்துக்கடையில் லீவு நாட்களில் டப்பா அடுக்கிக் கொடுத்துச் சம்பாதித்தது பாதி. வாங்கித் தின்னாமல் மிச்சம் பிடித்தது மீதி. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று நாற்பது. சைக்கிள் கடையில் ஒரு பழைய சிவப்பு சைக்கிள் ஆயிரத்து நூறுக்கு நின்றது. கடைக்காரர் மூன்று மாதம் பொறுத்தால் புது டயர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த மூன்று மாதமும் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கட்டும் என்று தாயும் மகளும் ஜாடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

வங்கியில் குழந்தைகளுக்கென்று தனி மேஜை இருந்தது. அதன் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர். மார்பில் 'குழந்தைகள் நிதி விழிப்புணர்வு அதிகாரி' என்று எழுதிய பட்டை. பட்டை நீளம் என்பதால் கடைசி மூன்று எழுத்து அக்குளுக்குள் போய்விட்டது.

"மூணு திட்டம் இருக்கு மேடம்," என்றார் விழிப்புணர்வு. "விதை, தளிர், மொட்டு. விதைல கட்டணமே கிடையாது."

"அப்ப விதையே குடுங்க."

"குறைஞ்சபட்ச இருப்பு அம்பதாயிரம்."

அம்மா ஜாடியைப் பார்த்தாள். "தளிர்?"

"தளிர்ல குறைஞ்சபட்ச இருப்பு இல்ல. ஆனா குழந்தைக்கு மாசச் சம்பளம் வரணும்."

"நாலாம் கிளாஸ் படிக்குது சார்."

"அதனாலதான் மேடம் மொட்டு. இது அட்டை. நீங்க பணத்தைப் போட்டு வச்சிடலாம். குழந்தையே தன் பணத்தைத் தானே நிர்வாகம் பண்ணும். தன்னம்பிக்கை வளரும்."

"இதுக்கு ஏதாவது பிடிப்பீங்களா?"

"நாங்க எதையும் பிடிக்கிறதில்ல மேடம்," என்றார் அவர், மனம் புண்பட்ட குரலில். "அதுவா கழியும்."

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும் என்று அம்மா பின்னால் பலமுறை சொல்லிக்கொண்டாள். பேருந்தில் எவனாவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறக்கி விட்டிருப்பாள். ஆனால் குளிரூட்டிய அறைக்கும் வழவழப்பான மேஜைக்கும் முன்னால் அவளுக்கு வாய் எழவில்லை. மொட்டு என்றாள்.

விண்ணப்பம் பதினாறு பக்கம். குழந்தை குடியிருப்பதற்குச் சான்றாகக் குழந்தை பெயரில் மின்கட்டண ரசீது கேட்டார்கள். அது இல்லாததால், குழந்தை அம்மாவோடுதான் இருக்கிறது என்று அம்மாவும், அம்மா குழந்தையோடுதான் இருக்கிறாள் என்று குழந்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். குழந்தையின் கைபேசி எண் கட்டாயம். குழந்தைக்குக் கைபேசி இல்லை; அம்மாவின் எண் ஏற்கெனவே அம்மா பெயரில் இருப்பதால் செல்லாது. பாவம், விழிப்புணர்வே மனமிரங்கித் தன்னுடைய எண்ணை எழுதிக்கொண்டார்.

பதினான்காம் கேள்வியில் வண்டி நின்றது. விண்ணப்பதாரர் எப்போதேனும் பொதுப் பதவி வகித்ததுண்டா?

அம்மா 'இல்லை' என்று எழுதப் போனாள். மிளகு பொய் சொல்லாத பெண். "நான் ரெண்டாம் கிளாஸ்ல லீடரா இருந்தேன்," என்றாள்.

விழிப்புணர்வு பேனாவை மூடினார். "தேர்தலா, நியமனமா?"

"ஓட்டு போட்டாங்க."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வாரம். அப்புறம் எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

"கிளாஸ்ல பேசுறவங்க பேரை போர்டுல எழுதணும். டீச்சர் பேரையும் எழுதிட்டேன்."

அவர் சிரிப்பார் என்று அம்மா காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. 'மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நடவடிக்கை காரணமாகப் பதவி நீக்கம் செய்யப்பட்டவர்' என்று சிவப்பு மையில் எழுதி, தலைமை அலுவலகத்தின் ஆய்வுக்கு அனுப்பினார். பத்தொன்பது நாள் கழித்து, விண்ணப்பதாரரால் நாட்டின் பொருளாதாரத்துக்கு உடனடி ஆபத்து ஏதுமில்லை என்று பதில் வந்தது. அட்டையும் வந்தது. அட்டையில் ஒரு மொட்டு சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் போயிற்று. மிளகு அட்டையை ஒரு முறைகூடச் செலவுக்கு எடுக்கவில்லை. புது டயர் போட்டாயிற்று என்று ஆள் சொல்லி அனுப்பினார் சைக்கிள் கடைக்காரர். அம்மாவுக்கு அன்று வார விடுமுறை. இருவரும் போனார்கள். மிளகு சைக்கிளின் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, அட்டையை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். துடைத்துவிட்டுத் தேய்த்தார்.

"பணம் பத்தலையேம்மா. முந்நூத்தி அஞ்சுதான் காட்டுது."

கடைக்குள் நாலு பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெண்ணை வெளியே கூட்டிவந்து, நடைபாதையில் நிறுத்தி, தொழில்முறையில் கேட்க ஆரம்பித்தாள். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிற அதே குரல்.

"எங்க போச்சு?"

"தெரியல."

"யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல."

"தின்னியா? ஸ்கூல் வாசல்ல ஏதாவது வாங்கித் தின்னியா? உண்மையச் சொல்லிடு, அடிக்க மாட்டேன்."

மிளகு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா மூன்றாவது முறை கேட்டபோது அவளுக்கு உதடு கோணிற்று, ஆனால் அழவில்லை. புத்தகப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அதில் வாரம் தவறாமல் தேதி போட்டு, இருப்பு எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துத் தொலைபேசியிலிருந்து வாரம் ஒரு முறை வங்கியில் இருப்பைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் தொகை குறைந்திருந்தது. ஐந்தாம் வாரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, 'நான் தப்பா கேட்டுட்டேன் போல' என்றிருந்தது. எட்டாம் வாரத்தில், 'அம்மாகிட்ட சொல்லாத' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தாள்.

அம்மா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வருடத்தில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். டிக்கெட் வைத்திருந்தவரைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

"நீ தப்பா கேக்கலடி," என்றாள். "நான்தான் தப்பா கேட்டுட்டேன். மன்னிச்சுக்க."

"பரவால்லம்மா."

"பரவால்லன்னு சொல்லாத," என்றாள் அம்மா. "எனக்குப் பரவாயில்லாம இல்ல."

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகளோடு வங்கிக்குப் போய்ப் பட்டியல் கேட்டாள். பட்டியல் தந்தார்கள். அட்டை வழங்கியதற்கு நூற்றைம்பது. பணம் போட்டதற்கு நாற்பது. பராமரிப்பு மாதம் அறுபது. இருப்பு என்ன என்று கேட்டதற்கு ஒரு கேள்விக்கு இருபதாகப் பன்னிரண்டு வாரம். அட்டையைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்ததற்கு மாதம் எழுபத்தைந்து. இப்படிப் பணம் கழிகிறது என்பதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து, இருபது செய்திக்கு நூறு.

"எனக்கு ஒரு மெசேஜும் வரலையே," என்றாள் அம்மா.

"எனக்கு எல்லாம் ஒழுங்கா வந்துச்சு மேடம்," என்றார் விழிப்புணர்வு. "இருபதும் இருக்கு. காட்டவா?"

அம்மா அவரை விட்டுவிட்டு மேலாளர் அறைக்குள் போனாள். மேலாளர் பெரிய உடம்புக்காரர். நாற்காலி அவருக்காக அளவெடுத்துச் செய்தது போல் இருக்கும். வாடிக்கையாளர் கோபமாக வந்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர். கொடுத்தார்.

"சேத்து வைக்கத்தானே சார் அட்டை? சேத்து வச்சதுக்கு எப்படி அபராதம்?"

"அபராதம் இல்ல மேடம். செலவே பண்ணாம வச்சிருந்தா அட்டைக்கு ஒரு சோர்வு வரும். அதை நாங்க கவனிச்சுக்கணும்."

"குழந்தைக் காசு சார்."

"அதனாலதான்," என்று மேலாளர் முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையான பாசம் இருந்தது. "பணம்னா என்ன? போறது. எனக்கு இது புரிய முப்பது வருஷம் ஆச்சு. உங்க பொண்ணு மூணே மாசத்துல புரிஞ்சுக்கிட்டா. இதை எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் குடுக்கும்? நாளைக்கு வெளில எவனோ முகம் தெரியாதவன் ஏமாத்திப் பிடுங்குவான். அதுக்கு முன்னாடி, நம்பிக்கையான ஒரு நிறுவனம், ரசீது குடுத்து, முறைப்படி எடுத்துக்கிட்டா, குழந்தைக்கு அது ஒரு தடுப்பூசி மாதிரி. ஊசி போடுறப்ப வலிக்கத்தான் செய்யும்."

அம்மா தண்ணீரைத் தொடவில்லை. "கணக்கை முடிச்சுடுங்க."

"தாராளமா. முடிக்கிற கட்டணம் ஐநூறு."

"உள்ள இருக்கிறதே முந்நூத்தி அஞ்சு."

"அப்ப இன்னும் நூத்தித் தொண்ணூத்தஞ்சு கட்டினா எல்லாம் சுத்தமா முடிஞ்சிடும். கட்டாட்டியும் ஒண்ணுமில்ல, மாசாமாசம் கழிஞ்சு மைனஸ்ல போகும். பாப்பா பேரு பாக்கிதாரர் பட்டியல்ல வரும். பெரியவளாகி வீட்டுக்கடன் கேக்கும்போது கொஞ்சம் சங்கடமா இருக்கும்."

மிளகு இத்தனை நேரமும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "அம்மா, அந்த சாருக்குக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இருக்கலாம். ஏன்?"

"அவங்க எங்க காசு வச்சிருப்பாங்க?"

வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் அப்பா வங்கி கொடுத்திருந்த கையேட்டை எடுத்து விரித்தார். மருந்துக்கடைக்காரர் அவர், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விடாமல் படிக்கிற பிறவி. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், படங்களுக்கும் பலூன்களுக்கும் நடுவே, எறும்பு சைஸில் ஒரு பத்தி இருந்தது. தலைப்பு: 'சின்னக் கைகளுக்கு எங்கள் உறுதிமொழி.'

அவர் சத்தம் போட்டுப் படித்தார். "குழந்தைகள் கொண்டுவரும் நாணயங்கள், எவ்வளவு சிறிய மதிப்பாயினும், எத்தனை ஆயிரமாயினும், கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளப்படும். வங்கி அதிகாரி அவற்றைத் தம் கையாலேயே, ஒவ்வொன்றாக, குழந்தையின் முன்னிலையில், குழந்தைக்குப் புரியும் வேகத்தில் உரக்க எண்ணுவார். குழந்தைக்குச் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து எண்ணுவார். வரிசையில் குழந்தை நிற்கும்வரை கவுண்ட்டர் மூடப்படாது."

"இன்னொரு தடவை படிங்க," என்றாள் அம்மா.

அவர் படித்தார். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள், பாட்டு கேட்பது போல.

இருபது சேர்ந்தால்தான் ஒன்றாகும் பொடிக்காசு ஒன்று அப்போதும் புழக்கத்தில் இருந்தது. கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். பயணிகள் மட்டும் கண்டக்டர்களிடம் தள்ளிவிடுவார்கள். டிப்போக் காசாளரின் அறையில் அது மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அம்மா பண நோட்டுகளைக் கொடுத்துக் காசு மூட்டை கேட்டபோது, அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் காசு.

பிறகு மிளகின் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனாள். எல்லோர் கையிலும் மொட்டு சிரித்தது. எல்லோர் நோட்டிலும் தொகை தேய்ந்திருந்தது. பல வீடுகளில் பிள்ளைகள் அடி வாங்கியிருந்தார்கள். அம்மா அதிகம் பேசவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள், டிப்போக் காசாளரின் விலாசத்தைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

வங்கி அந்த வருடத்து 'நிதி விழிப்புணர்வு நாளை' ஒரு வெள்ளிக்கிழமை கொண்டாடியது. வாசலில் பலூன், 'குழந்தைகளே வருக' என்ற பதாகை. மண்டல அதிகாரி பதினொரு மணிக்குப் புகைப்படக்காரரோடு வருவதாக ஏற்பாடு. அன்று பள்ளிக்கு விடுமுறை. ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தபோது இருபத்தேழு குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். மேலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்குப் பக்கத்திலும் ஒரு மூட்டை இருந்ததைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

மிளகு முதல் ஆள். மூட்டையை அம்மா தூக்கிக் கவுண்ட்டரில் கவிழ்த்தாள். வங்கிக் காசாளர், மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ வேலை பார்க்கும் வயதான மனிதர், கையேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு எழுந்து மேலாளரிடம் போனார்.

"சார், உறுதிமொழில அதிகாரி எண்ணணும்னு இருக்கு. நான் எழுத்தர். அதிகாரி ஆக்கச் சொல்லிப் பதினாறு வருஷமா மனு போட்டுக்கிட்டிருக்கேன்."

"இப்ப அதெல்லாம் எதுக்கு? எண்ணுங்க."

"விதியை மீறச் சொல்றீங்களா சார்? எழுத்துல குடுங்க."

மற்ற எழுத்தர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கிளையில் அதிகாரிகள் இரண்டே பேர். மேலாளர் மிளகுக்கு முன்னாலும், விழிப்புணர்வு அடுத்த குழந்தைக்கு முன்னாலும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று ஆரம்பித்தார் மேலாளர்.

"கேக்கல," என்றாள் மிளகு.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நானூற்றுச் சொச்சத்தில் மிளகு விரலைத் தூக்கினாள். "நானூத்திப் பன்னெண்டு ரெண்டு தடவை சொன்னீங்க."

"இல்லம்மா, ஒரு தடவைதான்."

"ரெண்டு தடவை," என்றது வரிசை, ஒரே குரலில்.

மேலாளர் முதலிலிருந்து எண்ணினார். விழிப்புணர்வுக்கு வாய்த்த குழந்தை இன்னும் எழுநூறு தாண்டக் கற்கவில்லை. அதற்கு மேல் எந்த எண்ணைச் சொன்னாலும் சந்தேகப்பட்டது.

பதினொரு மணிக்கு மண்டல அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். அவர் நேரே ஒலிபெருக்கிக்குப் போனார். "இந்தக் காட்சியப் பாக்கும்போது எனக்குப் பேச்சு வரல," என்று இருபது நிமிடம் பேசினார். "எங்க வங்கில குழந்தைதான் முதலாளி. நாங்க வேலைக்காரங்க. ஒரு குழந்தையோட ஒரு காசுகூட எங்களுக்குப் பெருசு. அந்த ஒரு காசையும் நாங்க விட மாட்டோம்."

கைதட்டல் அடங்கியதும் அம்மா முன்னால் வந்தாள். நெரிசல் வண்டியில் பின்படி வரை கேட்கிற குரல் அவளுக்கு, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "சார், முதலாளிங்க இருபத்தஞ்சு பேர் இன்னும் நிக்கிறாங்க. நீங்களும் அதிகாரிதானே?"

புகைப்படக்காரர் ஆர்வமாகிவிட்டார். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று மண்டல அதிகாரியும் சிரித்தபடி உட்கார்ந்து பத்துக் காசு எண்ணிவிட்டு எழுந்தார். எதிரே நின்ற சின்னப் பெண் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். "எனக்கு எண்ணி முடிக்கல," என்றாள். கேமரா இன்னும் திறந்தே இருந்தது. மண்டல அதிகாரி மாலையோடு மறுபடி உட்கார்ந்தார்.

மதியம் சாப்பாடு வந்தது, எழுத்தர்கள் சாப்பிட்டார்கள். அதிகாரிகள் எழுந்தால் குழந்தைகளுக்குச் சந்தேகம் வந்தது. மூன்று பேரின் விரல்களும் கரியாகிவிட்டன. மண்டல அதிகாரியின் குரல் இரண்டாயிரத்து நூறில் போயிற்று. அதன்பின் உதடு மட்டும் அசைந்தது. உரக்க என்று எழுதியிருப்பதைச் சின்னப் பெண் எடுத்துக் காட்டினாள்.

மூன்று மணிக்கு மேலாளர், நாலாவது சுற்றில், மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றை எட்டினார். இன்னும் முப்பத்தொன்பது காசுதான் பாக்கி. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மிளகு விரலைத் தூக்கினாள்.

அம்மா நினைத்திருந்தால் அந்த விரலை இறக்கியிருக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சந்தேகம் பாப்பா?" என்றார் மேலாளர். குரல் பிசிறியது. "சொல்லு, என்ன சந்தேகம்?"

"தெரியல," என்றாள் மிளகு. "எங்க குறையுதுன்னு தெரியல. ஆனா குறையுற மாதிரியே இருக்கு. எனக்கு மூணு மாசமா இப்படித்தான் இருந்துச்சு."

மேலாளர் காசுக் குவியலின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அம்மா மிளகின் நோட்டையும் வங்கி தந்த கட்டணப் பட்டியலையும் மண்டல அதிகாரியின் முன்னால் வைத்தாள். பிறகு மண்டல அதிகாரி ஒரு தாளை இழுத்து, பேச்சு வராததால் எழுதிக் காட்டினார்: இருபத்தேழு குழந்தைகளிடமும் கழிந்த தொகை முழுவதும் இன்றே, இப்போதே. முடிக்கும் கட்டணம் இல்லை.

காசாளர் அதற்கு மட்டும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நோட்டுகளை எண்ணிக் கொடுப்பது எழுத்தர் வேலைதான். மிளகின் கையில் ஆயிரத்து இருநூற்று நாற்பது வந்தது. அவள் தானே ஒரு முறை எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தாள். சந்தேகம் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை சிவப்பு சைக்கிள் வீட்டுக்கு வந்தது.

அடுத்த வாரம் வங்கி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுமக்களின் பெரும் வரவேற்பை முன்னிட்டு, குழந்தைகளுக்கான எல்லாத் திட்டங்களும் நிறுத்தப்படுகின்றன என்று இருந்தது. உறுதிமொழி இருந்த கையேடுகளைக் கட்டுக் கட்டாகப் பின்வாசல் வழியே எடுத்துப் போனார்கள். ஊரில் பேச்சு ஓய்ந்துவிடும் என்று மேலாளர் நம்பினார். ஓயவும் ஓய்ந்தது, ஓர் இடத்தைத் தவிர.

அம்மாவின் பேருந்து நிற்கிற இடங்களில் ஒன்று வங்கிக்கு நேர் எதிரே. அதை இத்தனை வருடமும் பேங்க் ஸ்டாப் என்றுதான் அவள் கூவி வந்தாள். அந்தத் திங்கட்கிழமை முதல் கொஞ்சம் விவரமாகக் கூவினாள்.

"புள்ளைங்களோட காசெடுத்த பேங்க் ஸ்டாப் வருது. எறங்குறவங்க முன்னால வாங்க."

முதல் நாள் பயணிகள் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களே டிக்கெட் கேட்கும்போது அப்படித்தான் கேட்டார்கள். ஒரு மாதத்தில் மற்ற பேருந்துக் கண்டக்டர்களும் அப்படியே கூவினார்கள். தடத்தில் நாளொன்றுக்கு முப்பத்திரண்டு நடை. மேலாளரின் அறை ஜன்னல் தெருப்பக்கம் பார்த்தது. கண்ணாடி கனமானதுதான்; ஆனால் அம்மாவின் குரலை மனதில் வைத்து அதைப் போடவில்லை.

மேலாளர் இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். பதினாறு பக்கம். ஆய்வில் இருக்கிறது என்று சொல்கிறார்கள்.